நெக் பிக்கப் கொழகொழப்பு: எதை மாற்றுவது, எதை வாங்குவது?

தாழ்சுருதி எழுதியது:
என் கிட்டார்: மஹாகனி பாடி, 22 ஃப்ரெட், 24¾ அங்குல ஸ்கேல் (ஸ்ட்ரிங்கின் அதிரும் நீளம்). நெக் பக்கம் ஒன்று, பிரிட்ஜ் பக்கம் ஒன்று என இரண்டு ஹம்பக்கர் (இரட்டைக் காயில் பிக்கப், அதாவது ஸ்ட்ரிங் அசைவை மின் சிக்னலாக்கும் காந்தக் கருவி), ஒவ்வொன்றுக்கும் தனி வால்யூம், தனி டோன், மூன்று நிலை ஸ்விட்ச். 10-46 ஸ்ட்ரிங், ஸ்டாண்டர்ட் டியூனிங். பிரிட்ஜ் பிக்கப்பில் குறையே இல்லை. அதன் காந்தம் அல்னிகோ 5, மின்தடை சுமார் 8 கிலோ ஓம். சிக்கல் நெக்கில்தான். கிளீனில் (கரகரப்பில்லாத ஒலியில்) கார்டு பிடித்தால் கீழ் மூன்று ஸ்ட்ரிங்கும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கொழகொழவென்று கேட்கிறது. கெயின் ஏற்றிக் கரகரப்பாக்கி ஐந்தாம், ஆறாம் ஸ்ட்ரிங்கில் லீட் வாசித்தால் பிக் படுகிற முனையே காதில் விழுவதில்லை. மேல் ஸ்ட்ரிங்குகளில் மட்டும் இனிமை இருக்கிறது, அதை இழக்க மனமில்லை.

பார்வையில் இருப்பவை: சீமோர் டங்கன் ஜாஸ், அதே நிறுவனத்தின் '59, அல்னிகோ டூ ப்ரோ, அப்புறம் ஹம்பக்கர் அளவில் வரும் பி-90 என்ற ஒற்றைக் காயில் பிக்கப். கிலோ ஓம் குறைவாக இருப்பதைப் பார்த்து வாங்கினால் போதுமா?

காயில்சுற்றி எழுதியது:
வாங்குவதற்கு முன் ஒரு ஸ்க்ரூடிரைவரும் மி.மீ. அளவுகோலும் எடுத்துக்கொள்ளுங்கள். நெக் பிக்கப் பற்றிய புகார்களில் பெரும்பங்கு உயரத்தில் இருந்து வருவது.

காரணம் எளிது. ஸ்ட்ரிங் பிரிட்ஜ் அருகே கொஞ்சமாகத்தான் அசையும், நெக் பக்கம் போகப்போக வீச்சு பெரிதாகும். அதிலும் அடிப்படைச் சுரத்தின் வீச்சுதான் அங்கே ஓங்கி நிற்கும், மேல் ஹார்மானிக்குகள் பின்தங்கும். ஆகவே ஒரே பிக்கப்பை இரண்டு இடத்திலும் ஒரே தூரத்தில் வைத்தால் நெக் சத்தமாகவும் தடிப்பாகவும்தான் இருக்கும்.

இப்படிச் செய்து பாருங்கள். ஆறாம் ஸ்ட்ரிங்கைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடியுங்கள். போல் ஸ்க்ரூவின் (ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்கும் நேரே பிக்கப்பில் உள்ள திருகு) தலைக்கும் ஸ்ட்ரிங்கின் அடிப்பக்கத்துக்கும் இடையே அளந்து 2.4 மி.மீ. வையுங்கள், முதல் ஸ்ட்ரிங்கில் 2 மி.மீ. இது தொடக்கம் மட்டுமே. இரண்டு வால்யூமும் முழுசாக, ஆம்ப் கிளீனாக. பிரிட்ஜை உங்களுக்குப் பிடித்த உயரத்தில் விட்டுவிடுங்கள், அதைத் தொடாதீர்கள். ஸ்விட்சை மாற்றி மாற்றிக் கேட்டு, நெக் சத்தம் பிரிட்ஜுக்குச் சமமாகும் வரை நெக்கைக் கால் திருப்பு கால் திருப்பாக இறக்குங்கள். ஆறாம் ஸ்ட்ரிங் பக்கம் 3, 3.5 மி.மீ. வரை போனாலும் தப்பில்லை.

அடுத்து முக்கியமான வேலை: பிக்கப் உடலை இன்னும் அரை மி.மீ. இறக்கிவிட்டு, போல் ஸ்க்ரூக்களை மட்டும் ஒரு திருப்பு, ஒன்றரைத் திருப்பு மேலே ஏற்றுங்கள். ஸ்க்ரூ உள்ள காயில் ஸ்ட்ரிங்குக்கு நெருக்கமாகி மற்றக் காயில் பின்வாங்கும். ஹம்பக்கர் சிங்கிள் காயில் பக்கம் கொஞ்சம் சாயும். நான்காம் ஸ்ட்ரிங் ஸ்க்ரூவை மட்டும் மற்றவற்றைவிடத் தாழ்வாக விடுங்கள். கார்டில் பிசுபிசுப்பு கூடும் இடம் பெரும்பாலும் அதுதான்.

சால்டர்முனை எழுதியது:
உயரம் சரி. கூடவே பாட் (வால்யூம், டோன் குமிழுக்கு அடியில் உள்ள மாறும் மின்தடை) மதிப்பையும் அளந்துவிடுங்கள். 500 கிலோ என்று அச்சடித்திருந்தால் 500 இருக்கும் என்று நம்ப வேண்டாம்; 20 சதவீதம் கூடக்குறைய வருவது சாதாரணம். 400-ம் வரும், 600-ம் வரும். சில கிட்டார்களில் வால்யூம் மட்டும் 300 கிலோ போட்டே வெளிவருகின்றன.

பாட்டை அளக்க, பிக்கப்பின் ஹாட் வயரை (சிக்னல் வரும் வயர்) கழற்றிவிட்டு, இரு ஓரக் கால்களுக்கு இடையே மீட்டர் வையுங்கள். வயரைக் கழற்றாமல் அளந்தால் பாட்டுக்குப் பக்கத்திலேயே பிக்கப்பும் நிற்கும், மீட்டர் 8 கிலோ ஓம் என்று காட்டும். பிக்கப்பை ஜாக் வழியாக அளக்கும்போதும் இதே கூட்டுத்தான், ஆனால் பிழை சிறியது: 8 கிலோ ஓம் பிக்கப், 500 கிலோ பாட்டோடு சேர்ந்து 7.87 என்று காட்டும்.

பாட் ஏன் முக்கியம் என்றால், பிக்கப்பின் உச்ச அதிர்வெண்ணில் வரும் அந்தப் பளபளப்பை அழுத்துவது அதுதான். 500 வால்யூம், 500 டோன், ஆம்ப் உள்ளீடு 1 மெகா ஓம் மூன்றும் பிக்கப்புக்குச் சேர்ந்து 200 கிலோ சுமை. வால்யூம் 300 ஆனால் அதே சுமை 160-க்கு இறங்கிவிடும். டோனை ஒரு கோடு குறைத்து வைத்த மாதிரி இருக்கும், நீங்கள் குறைக்கவே இல்லை என்றாலும்.

டோன் கெப்பாசிட்டர் 22 நானோவா 47 நானோவா என்று மண்டையை உடைக்க வேண்டாம். டோன் 10-ல் இருக்கும்போது அதன் பங்கு மிகச் சொற்பம்.

தாழ்சுருதி எழுதியது:
இரண்டும் செய்தாயிற்று. நெக் பிக்கப் 13.2 கிலோ ஓம், நெக் வால்யூம் 310 கிலோ, நெக் டோன் 490. பிரிட்ஜ் 8.1, அதன் வால்யூம் 480. நெக்கை 3.5 மி.மீ.க்கு இறக்கி ஸ்க்ரூவை ஏற்றியதில் சத்தம் சமமாகிவிட்டது, கிளீன் கார்டு ஓரளவு பிரிந்து கேட்கிறது. ஆனால் கெயினில் கீழ் ஸ்ட்ரிங் இன்னும் போர்வைக்குள்தான்.

காயில்சுற்றி எழுதியது:
13.2! அங்கேதான் விஷயம் இருக்கிறது. அதோடு நெக்குக்கு 310 பாட் வேறு. பிரிட்ஜுக்குக் கிடைக்கிற வெளிச்சம்கூட நெக்குக்குக் கிடைக்கவில்லை.

முதலில் கேட்டதற்கு இப்போது பதில்: கிலோ ஓம் மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. அது செப்புக் கம்பியின் நீளமும் பருமனும் சேர்ந்த கணக்கு. வழக்கமான 42 கேஜ் கம்பிக்குப் பதிலாக 43 கேஜ் சுற்றினால், அதே சுற்றுக்கு ஓம் கால் பங்குக்கு மேல் ஏறிவிடும், ஒலி அந்த அளவுக்கு மாறாது. டெலிகாஸ்டர் நெக் பிக்கப் 43 கேஜ். ஓம் கணக்கில் பக்கத்து ஸ்ட்ராட் பிக்கப்பைத் தாண்டி நிற்கும், சத்தத்தில் தாண்டாது. வெப்பநிலையும் உண்டு: செம்புக்கு ஒரு டிகிரிக்கு 0.39 சதவீதம். 10 டிகிரி ஏறினால் 7.5 கிலோ ஓம் 7.8 ஆகும். பெட்டியில் அச்சிட்ட எண்ணுக்கும் உங்கள் மீட்டருக்கும் சண்டை வந்தால் இதையும் நினைவில் வையுங்கள்.

ஒலியைச் சொல்லும் எண் இண்டக்டன்ஸ் (காயிலின் மின்தூண்டல் அளவு, ஹென்றியில்). அதையும் கேபிள் கெப்பாசிட்டன்சையும் சேர்த்தால் உச்சம் எங்கே விழுகிறது என்று கணக்கிடலாம். கேபிள் மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட். 5 மீட்டருக்கு 500, பிக்கப்பின் சொந்தக் கணக்கு ஒரு 100, ஆக 600. அதில்:

2.4 ஹென்றி ஸ்ட்ராட் சிங்கிள் காயில்: சுமார் 4,200 ஹெர்ட்ஸ்.
4.4 ஹென்றி பிஏஎஃப் (கிப்சனின் ஆரம்பகால ஹம்பக்கர்) வகை ஹம்பக்கர்: சுமார் 3,100.
8 ஹென்றி, அதிகம் சுற்றிய ஹம்பக்கர்: சுமார் 2,300.

உங்கள் 13.2 அனேகமாக இந்த மூன்றாம் வரிசைக்காரர். 2,300-க்கு மேல் எல்லாம் சரிவு. பிக்கின் முனை கேட்கிற பகுதியே அதற்கு மேல்தான் இருக்கிறது. நெக் இடத்தில் ஏற்கெனவே மேல் ஹார்மானிக் குறைவு, மிச்சத்தையும் இந்தக் காயில் வெட்டிவிடுகிறது. உயரத்தை இறக்கி அடித்தடிப்பைக் குறைக்கலாம், வெட்டப்பட்டதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. உங்கள் விஷயத்தில் மாற்றுவது நியாயம்தான்.

நான்காம்விரல் எழுதியது:
ஓம் பற்றி ஒரு எதிர்ப்பக்க உதாரணமும் சொல்லிவிடுகிறேன். டிமார்சியோ ஏர் நார்ட்டன் 12 கிலோ ஓமைத் தாண்டும். ஆனால் நெக்குக்கு அதை விரும்பிப் போடுகிறவர்கள் ஏராளம், கெயினில் பிரிந்தே கேட்கும். காந்தத்துக்கும் போலுக்கும் இடையே இடைவெளி விட்டு ஸ்ட்ரிங் மீதான இழுவையைக் குறைத்த வடிவமைப்பு அது. ஆகவே 13 என்றாலே கொழகொழ, 7 என்றாலே தெளிவு என்று சூத்திரம் போட்டுவிடாதீர்கள்.

தாழ்சுருதி கேட்ட மூன்றும் இதற்கே சாட்சி. ஜாஸ், '59, அல்னிகோ டூ ப்ரோ மூன்றின் நெக் பதிப்பும் 7.5 கிலோ ஓமை ஒட்டித்தான் இருக்கும். ஒலியோ மூன்று வேறு ஆட்கள். '59: அடியும் உச்சியும் எழுந்து நடு கொஞ்சம் குழிந்தது. ஜாஸ்: அடி இறுக்கம், உச்சி திறந்தது, மூன்றில் மிகத் தெளிவானது. அல்னிகோ டூ ப்ரோ: தொடக்கம் மெத்தென்று, நடு முன்னால் வந்து, உச்சி உருண்டையாக. லீடில் மேல் ஸ்ட்ரிங் பாடுவது போல இருக்க வேண்டும் என்றால் என் ஓட்டு அல்னிகோ டூ ப்ரோவுக்குத்தான். அவர் இழக்க விரும்பாத இனிமை அதில் முழுசாக இருக்கிறது.

காயில்சுற்றி எழுதியது:
இனிமையை மறுக்கவில்லை. ஆனால் அவருடைய முதல் குறை கீழ் ஸ்ட்ரிங். அல்னிகோ 2-இன் அடி இளகியது. மஹாகனி, குட்டை ஸ்கேல், நெக் இடம் மூன்றும் சேர்ந்த கிட்டாரில் அந்த இளக்கம் மறுபடியும் அதே இடத்தில் கொண்டுபோய் விடும். நீள ஸ்கேல், போல்ட்-ஆன் நெக், கொஞ்சம் கூர்மை அதிகமான கிட்டார் என்றால் நானும் உங்கள் பக்கம். இங்கே அல்னிகோ 5, குறைந்த சுற்று: ஜாஸ். '59-ஐயும் இந்தக் கிட்டாருக்குப் பின்னுக்குத் தள்ளுவேன், அதன் அடி அகலமானது.

இன்னொன்று. நெக் பிக்கப்பைத் தனியாகத் தேர்ந்தெடுக்காதீர்கள், பிரிட்ஜில் என்ன உட்கார்ந்திருக்கிறதோ அதற்கு ஜோடியாகத் தேடுங்கள். அவர் பிரிட்ஜ் 8.1, அல்னிகோ 5, பழைய பாணி. அதற்கு 7.5 சரியான துணை. பிரிட்ஜில் 16 கிலோ ஓம் செராமிக் இருந்தால் ஜாஸை எவ்வளவு ஏற்றினாலும் ஸ்விட்ச் மாற்றும்போது சத்தம் தொப்பென்று விழும், அங்கே ஏர் நார்ட்டன் போன்றவற்றுக்கு இடம் உண்டு.

சேத் லவர் கிப்சனில் வடிவமைத்து 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அந்த பிஏஎஃப் ஹம்பக்கரில் நெக், பிரிட்ஜ் என்று தனித்தனிச் சுற்றே கிடையாது. 5,000 சுற்று வீதம் இரண்டு காயில் என்பது கணக்கு, நடைமுறையில் கூடியும் குறைந்தும் வந்தன, காந்தமும் கலந்து வந்தது. அந்தக் காலத்துக் கிட்டார்களில் சில நெக் ஒலிகள் கண்ணாடி போல இருப்பதற்கும் சில மந்தமாக இருப்பதற்கும் அந்தக் கலப்பு பெரிய காரணம். இடத்துக்கு ஏற்றபடி சுற்றிய ஜோடிகள் பின்னாளில் வந்தவை.

ஒற்றைக்காயில் எழுதியது:
பி-90 பேச்சை யாரும் எடுக்கவில்லையே. தாழ்சுருதி சார், நெக்கில் பிக் முனை கேட்க வேண்டும் என்றால் அதற்கு இணை கிடையாது. ஒரே காயில், ஸ்ட்ரிங்கின் ஒரு குறுகிய துண்டை மட்டும் கேட்கும். ஹம்பக்கர் இரண்டு இடத்தில் கேட்டுக் கூட்டுவதால் சில மேல் ஹார்மானிக்குகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இரைச்சல் இருக்கும், கெயின் ஏற்றினால் நன்றாகவே இருக்கும். நடு நிலையில் ஹம்பக்கரோடு சேர்ந்தாலும் முழுசாக அடங்காது. பி-90 என்றால் சிங்கிள் காயில்தானே, ஸ்ட்ராட் மாதிரி மெல்லிசாக இருக்கும் என்று எண்ணி வாங்காதீர்கள். 42 கேஜில் 10,000 சுற்று, அடியில் இரண்டு பட்டைக் காந்தம், நடுப்பகுதி கனமாக முன்னால் வரும். உயரம் சரியாக வைக்காவிட்டால் இதுவும் நெக்கில் தடிக்கும். ஹம்பக்கர் அளவில் வருவனவற்றில் கவர் உலோகமாக இருந்தால் உச்சி இன்னும் கொஞ்சம் மழுங்கும், பிளாஸ்டிக் கவர் உள்ளதைத் தேடுங்கள்.

கிளீனுக்கு முதலிடம் என்றால் பி-90. கெயின் லீடுக்கு முதலிடம் என்றால் நானே ஜாஸ் என்றுதான் சொல்வேன்.

இளந்தந்தி எழுதியது:
அண்ணே, இடையில் ஒரு சந்தேகம். 24 ஃப்ரெட் கிட்டாரில் நெக் பிக்கப் நல்ல ஒலி தராது, ஹார்மானிக் புள்ளியில் இல்லாததால், என்று எங்கே பார்த்தாலும் எழுதியிருக்கிறார்கள். உண்மையா?

காயில்சுற்றி எழுதியது:
பாதிதான் உண்மை, தம்பி. 24-ஆம் ஃப்ரெட் இருக்க வேண்டிய இடம் ஸ்கேலின் சரியாகக் கால் பங்கு. 24¾ அங்குலத்தில் பிரிட்ஜிலிருந்து 157 மி.மீ. திறந்த ஸ்ட்ரிங்கின் நான்காம் ஹார்மானிக்குக்கு அங்கே அசைவே இல்லை. கவனியுங்கள்: அந்தப் புள்ளியில் பிக்கப் இருந்தால் அந்த ஹார்மானிக் கேட்காமல் போகும், கூடுதலாகக் கேட்காது. ஐந்தாம் ஃப்ரெட்டை அழுத்தியதுமே ஸ்ட்ரிங் நீளம் 471 மி.மீ. ஆகிவிடும், அதன் கால் பங்கு 118. புள்ளி நகர்ந்துவிட்டது. ஒவ்வொரு சுரத்துக்கும் அது ஓடிக்கொண்டே இருக்கும்போது பிக்கப்பை எந்தப் புள்ளியில் நிறுத்துவது?

உண்மையில் மாறுவது தூரம். 22-ஆம் ஃப்ரெட்டுக்கும் 24-க்கும் இடைவெளி சுமார் 2 செ.மீ. அந்த அளவுக்கு நெக் பிக்கப் பிரிட்ஜ் பக்கம் தள்ளப்படுகிறது. ஒலி கொஞ்சம் மெலிந்து, கொஞ்சம் கூர்மையாகும். அது கெடுதல் அல்ல; கெயின் வாசிக்கிறவர்களுக்கு நல்லதுகூட. அங்கே '59, அல்னிகோ டூ ப்ரோ மாதிரி தடித்தவை நன்றாகப் பொருந்தும், ஜாஸ் சிலருக்கு வறண்டு தெரியும். 22-க்குச் சொன்ன ஆலோசனையை 24-க்கு அப்படியே எடுத்துப் போடாதீர்கள்.

பழையவயர் எழுதியது:
போல் இடைவெளியை மறந்துவிடாதீர்கள். நெக் பக்கம் ஸ்ட்ரிங்குகள் நெருங்கியிருக்கும், வழக்கமான 49–50 மி.மீ. போதும். 52–53 மி.மீ. உள்ளது பிரிட்ஜுக்கானது. அதை நெக்கில் வைத்தால் ஓர ஸ்ட்ரிங் இரண்டும் போலுக்கு உள்பக்கம் ஓடும்.

ஸ்ட்ராட்காரர்களுக்கு ஒரு வரி: ஆறாம் ஸ்ட்ரிங்கில் 12-க்கு மேல் போனால் ஒரே சுரம் இரண்டாகப் பிளந்து நடுங்குகிறதா, டியூனர் ஒரு இடத்தில் நிற்க மறுக்கிறதா? பிக்கப்பைக் குறை சொல்லாதீர்கள். அல்னிகோ 5 கம்பிக் காந்தங்கள் ஸ்ட்ரிங்கை இழுக்கின்றன. ஆறாம் ஸ்ட்ரிங் பக்கம் இறக்குங்கள், நடுக்கம் போகும். இன்டொனேஷனை (ஃப்ரெட்டுகளில் சுருதி சரியாக விழச் செய்வது) அதற்குப் பிறகுதான் தொடலாம்.

தாழ்சுருதி எழுதியது:
ஜாஸ் என்று முடிவாகிவிட்டது. பாட்டையும் மாற்றுகிறேன். நான்கு வயர் உள்ளது எடுக்கலாமா? பிரிட்ஜ் பிக்கப்பில் பின்னல் வயர் ஒன்றுதான், அது வேறு நிறுவனம். இரண்டும் ஒத்துப்போகுமா என்று வாங்குமுன் தெரிந்துகொள்ள வழி உண்டா?

சால்டர்முனை எழுதியது:
நான்கு வயரே எடுங்கள். உங்கள் பிரிட்ஜில் ஒரே பின்னல் வயர் என்பதாலேயே அது கட்டாயம். காரணம் கீழே வருகிறது.

இரண்டு பிக்கப்பும் எதிர்க் கட்டத்தில் (ஒன்றின் அலை ஏறும்போது மற்றதன் அலை இறங்குவது) இருந்தால் நடு நிலையில் அடி முழுக்கக் காணாமல் போய், மூக்கால் பேசுவது போல ஒலிக்கும். தனித்தனியாக இரண்டும் நன்றாகவே இருக்கும், அதனால் பலர் குழம்பிப்போவது இங்கேதான். சால்டர் வைப்பதற்கு முன்பே சோதிக்கலாம். மீட்டரை 20 கிலோ ஓமில் வையுங்கள். சிவப்பு முனை பிக்கப்பின் ஹாட்டில், கறுப்பு முனை எர்த்தில். எண் நிலைத்ததும் ஒரு இரும்பு ஸ்க்ரூடிரைவரின் தட்டையான பக்கத்தை போல்கள் மீது டக்கென்று வையுங்கள். வைத்த நொடியில் எண் ஒரு கணம் ஏறும் அல்லது இறங்கும், பிறகு பழைய இடத்துக்கு வரும். எடுக்கும்போது எதிர்ப்புறம் துள்ளும். வைக்கும்போது எந்தப் பக்கம் துள்ளியது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பிரிட்ஜ் பிக்கப்பிலும் அதே சோதனை. இரண்டும் ஒரே பக்கம் துள்ளினால் கட்டம் ஒன்று. எண் ஓடும் மீட்டரில் வேகம் போதாமல் தவறவிட்டால் இரண்டு மூன்று முறை செய்யுங்கள். முள் உள்ள பழைய மீட்டர் கிடைத்தால் கண்ணுக்கு இன்னும் தெளிவு.

எதிராக இருந்தால் ஒரு பிக்கப்பில் ஹாட்டையும் எர்த்தையும் இடம் மாற்ற வேண்டும். பின்னல் வயர் பிக்கப்பில் இது முடியாது: பின்னல்தான் எர்த், அதுவே கவசம், உலோகக் கவரும் அடித்தட்டும் அதோடு சேர்ந்தவை. மாற்றினால் கவர் முழுக்க ஹாட் ஆகி, தொட்டால் இரையும். நான்கு வயரில் கவச வயர் தனி, அதனால் எளிது.

டங்கன் நிறம்: கறுப்பு ஹாட், பச்சை எர்த், சிவப்பும் வெள்ளையும் ஒன்றாக முறுக்கி சால்டர் வைத்துக் காப்புக் குழாய் போட வேண்டும், உறையில்லா வயர் எர்த். கட்டம் எதிர் என்றால் பச்சையை ஹாட்டாக்கிக் கறுப்பை எர்த்துக்குக் கொண்டுபோங்கள். உறையில்லா வயர் எர்த்திலேயே இருக்கட்டும். டிமார்சியோவில் சிவப்பு ஹாட், பச்சை எர்த், கறுப்பும் வெள்ளையும் ஜோடி. எல்லா நிறுவனத்துக்கும் ஒரே நிறம் என்று எண்ணி வைத்துவிடாதீர்கள். சந்தேகம் வந்தால் மீட்டரால் காயிலைக் கண்டுபிடியுங்கள்: எந்த இரண்டு வயருக்கு இடையே 3.5–4 கிலோ ஓம் வருகிறதோ அவை ஒரே காயில்.

டெலி நெக் பிக்கப் மாற்றுகிறவர்கள் யாராவது படித்தால்: அங்கே கவர் எர்த் வயரோடு ஒரு சிறு இணைப்பால் பிணைந்திருக்கும். வயரை இடம் மாற்றுவதற்கு முன் அந்த இணைப்பை வெட்டி, கவருக்குத் தனி எர்த் வயர் கொடுங்கள்.

நான்காம்விரல் எழுதியது:
நான்கு வயர் எடுப்பதில் இன்னொரு லாபம்: இரண்டு காயிலையும் பேரலல் ஆக்கலாம். இண்டக்டன்ஸ் சீரியஸில் இருப்பதில் கால் பங்காகக் குறையும், இரைச்சல் அடங்கியே இருக்கும், சத்தம் மட்டும் குறையும். ஸ்ப்ளிட்டைவிட (ஒரு காயிலை மட்டும் வேலை செய்ய விடுவது) கிளீனுக்கு இது எனக்கு மேலாகப் படுகிறது. டோன் பாட்டில் இழுப்பு ஸ்விட்ச் ஒன்று போதும்.

இளந்தந்தி எழுதியது:
பிக்கப் வாங்க வசதியில்லாதவர்கள் இருப்பதை வைத்துக்கொண்டு தெளிவு கொண்டுவர வழி உண்டா? என்னுடையதும் மஹாகனிதான், ஆனால் பிக்கப் 8.4, பாட் எல்லாம் 500-ஐ ஒட்டியே.

காயில்சுற்றி எழுதியது:
உண்டு, 8.4-க்கு நிச்சயம் பலன் இருக்கும். உயரம் முதலில், மேலே சொன்னபடி.

அடுத்தது ஒரு கெப்பாசிட்டர். பிக்கப் ஹாட்டுக்கும் வால்யூம் பாட் காலுக்கும் இடையே சீரியஸாக வையுங்கள். 500 பாட் இரண்டு, ஆம்ப் 1 மெகா என்ற சுமையில் 10 நானோ சுமார் 80 ஹெர்ட்ஸில் வெட்டத் தொடங்கும், 4.7 நானோ சுமார் 170-இல். ஆறாம் ஸ்ட்ரிங் திறந்த சுரம் 82 ஹெர்ட்ஸ் என்பதை வைத்து அளந்துகொள்ளுங்கள். 10-ல் தொடங்குங்கள், போதவில்லை என்றால் 4.7. அதற்கும் கீழே போனால் நெக் பிக்கப்பின் உடம்பே கரைந்துவிடும். நடு நிலையின் ஒலியும் மாறும், அதைக் கேட்டுப் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குங்கள். பிற்பாடு ஜாக் வழியாக ஓம் அளந்தால் பிக்கப் அறுந்துபோனது போல பாட் மதிப்பையே காட்டும், பயப்படாதீர்கள், கெப்பாசிட்டர் டிசியைத் தடுக்கிறது, அவ்வளவுதான்.

மூன்றாவது காந்தம். உங்கள் பிக்கப்பில் செராமிக் அல்லது அல்னிகோ 2 இருந்தால் அல்னிகோ 5 போட்டுப் பார்க்கலாம், ஹம்பக்கர் பட்டைக் காந்தம் பொதுவாக 63.5 × 12.7 × 3.2 மி.மீ. செராமிக்கை எடுத்தால் சத்தமும் கொஞ்சம் இறங்கும், நெக்குக்கு அது நல்லதே. கவர் இருந்தால் இரு பக்கமும் உள்ள சால்டரை உருக்கி விடுவித்துக் கழற்றுங்கள். அடித்தட்டின் நான்கு ஸ்க்ரூக்களைத் தளர்த்துங்கள், முழுக்கக் கழற்றாதீர்கள். பாபின் (கம்பி சுற்றிய சட்டம்) அரை மி.மீ. எழும்பினால் போதும். மெழுகு பிடித்திருக்கும், அதனால் காந்தம் அசைய மறுக்கும்; பித்தளையோ மரக்குச்சியோ வைத்து ஒரு முனையிலிருந்து மெதுவாகத் தள்ளுங்கள். இரும்புக் கருவி வேண்டாம், சட்டென்று ஒட்டி இழுத்துக் காயிலைக் கிழிக்கும். அந்தச் செப்புக் கம்பி 0.06 மி.மீ., தலைமுடியை ஒத்த தடிமன், நகம் பட்டாலே அறும்.

பழைய காந்தம் வெளியே வருவதற்கு முன் எந்தப் பக்கம் ஸ்க்ரூ காயிலைப் பார்த்தது என்று மார்க்கரால் கோடு போடுங்கள். புதியதன் திசையைச் சரிபார்க்க இரண்டையும் பக்கவாட்டில் நெருக்குங்கள்: கோடு போட்ட பக்கத்தைப் புதியதன் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அது எதிர் முனை. ஆகவே கோடு போட்ட பக்கத்தை விலக்கித் தள்ளுகிற பக்கம்தான் ஸ்க்ரூ காயிலை நோக்கி இருக்க வேண்டும். திசை மாறிப் போட்டுவிட்டால் பிக்கப் கெடாது, ஆனால் பிரிட்ஜோடு எதிர்க் கட்டமாகிவிடும். அந்த மூக்குச் சத்தம் வந்தால் திரும்பக் கழற்ற வேண்டியதுதான்.

பழையவயர் எழுதியது:
ஒரு திருத்தம் சேர்க்கிறேன். பின்னல் வயர் பிக்கப்பில் கட்டம் எதிராக இருந்து வயரை மாற்ற முடியாதபோது இதே காந்தத் திருப்பல்தான் மருந்து. சால்டர்முனை சொன்ன சோதனையை முதலில் செய்துவிடுங்கள், கழற்றிய பிறகு அல்ல.

தாழ்சுருதி எழுதியது:
சோதனை முடித்தேன்: பிரிட்ஜில் ஸ்க்ரூடிரைவர் வைக்கும்போது எண் ஏறுகிறது. ஜாஸ் வந்ததும் அதையும் பார்த்துக்கொள்கிறேன். கடைசிக் கேள்வி ஒன்றுதான், நிக்கல் கவர் உள்ளதா, கவர் இல்லாததா?

ஒற்றைக்காயில் எழுதியது:
நிக்கல் சில்வர் கவர் என்றால் வித்தியாசம் சிறிது, தோற்றத்துக்காக எடுக்கலாம். பித்தளையில் முலாம் பூசியது என்றால் வேண்டாம், அதில் சுழல் மின்னோட்டம் அதிகம், உச்சியைத் தின்றுவிடும். உங்கள் குறை உச்சியில் என்பதால் கவர் இல்லாததையே எடுங்கள். பழைய ரிங்கின் (பிக்கப்பைத் தாங்கும் பிளாஸ்டிக் சட்டம்) உயரத்தை அளந்து வையுங்கள். நெக் ரிங் தாழ்வானது, பிரிட்ஜ் ரிங்கோடு மாறிப்போனால் பிக்கப்பை 3 மி.மீ.க்கு இறக்கவே இடமிருக்காது.

சால்டர்முனை எழுதியது:
புதுப் பாட் லாக் (லாகரிதமிக்) வகையா என்று பார்த்து வாங்குங்கள், லீனியர் வாங்கினால் வால்யூம் முழுக்க 3-க்குக் கீழே குவிந்துவிடும். வாங்கும்போதே இரண்டு மூன்றை அளந்து, 500-க்கு மேல் காட்டுவதை நெக்குக்கு எடுங்கள். புதிய ஸ்ட்ரிங் போட்டு, டியூன் நிலைத்த பிறகு 2.4 மி.மீ.யில் இருந்து மறுபடியும் உயரம் வையுங்கள். இப்போதுள்ள 3.5 பழைய பிக்கப்புக்கான அளவு. ஜாஸை அவ்வளவு இறக்கினால் மெலிந்து கேட்கும்.